கச்சான்கார அக்காவின் படம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். ற வர வேண்டிய இடத்தில் ர வரும். ண, ன, ந மூன்றும் எனக்கு ஒன்றுதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுச் சுருட்டுக் கொட்டிலுக்குப் போனவன் நான். ஜேர்மனியில் உள்ள எங்கள் தமிழ் மன்றத்து ஆண்டு மலருக்கு இதைத் தட்டச்சுச் செய்யப்போகிற தங்கச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துப் பிழைகளைத் திருத்தலாம். என்னைப் பற்றி நான் எழுதியிருப்பதை மட்டும் நல்ல பிள்ளையாக்கித் திருத்த வேண்டாம்.

மலருக்குப் பயணக் கட்டுரைதான் கேட்டார்கள். "போன வருசம் கமராவோட ஊருக்குப் போய்த் திருவிழாப் படமெல்லாம் எடுத்தனீங்கள் எல்லே அண்ணை, அதை எழுதித் தாங்கோ" என்றார் செயலாளர். ஓம் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் கடலும் தேரும் வரவில்லை. பொறாமைதான் வருகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். கெல்சென்கிர்ச்சனிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் எங்களிடம்தான் வரும். துவைத்து வந்த ஈர விரிப்பின் இரண்டு மூலைகளையும் பிடித்து, சூடான உருளைகளுக்குள் கொடுப்பது என் வேலை. அந்தப் பக்கம் மடிந்து விழும். இருபத்திரண்டு வருடமாக அதே இயந்திரம், அதே இடம். எனக்கு அது வசதி. பேச வேண்டியதில்லை.

அந்த இயந்திரங்களைத் திருத்துகிறவனைப் பற்றித்தான் இந்தக் கதை. பெயர் வேண்டாம். மெக்கானிக் என்றே எழுதுகிறேன். இந்த ஊரிலேயே பிறந்த டொச்க்காரன், அதாவது ஜேர்மன்காரன். தகப்பன் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவர். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது, ஒரே கன்ரீன், ஏறக்குறைய ஒரே சம்பளம். அவன் டொச்சில் சொன்னவைகூட எனக்கு இப்போது தமிழில்தான் ஞாபகம் வருகின்றன. அப்படியே எழுதுகிறேன்.

மெக்கானிக் ஒவ்வொரு வருடமும் தன் லீவு முழுவதையும் சேர்த்து வைத்து ஆசியாவுக்குப் போவான். ஒரு வருடம் நேபாளம், ஒரு வருடம் வியட்நாம், ஒரு வருடம் பாலி. திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை இடைவேளையில் படங்களைக் கொண்டுவந்து காட்டுவான். மீன் கூடையைத் தலையில் வைத்தபடி கொட்டாவி விடும் பெண். நிறப்பொடியில் குளித்து, பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும் கிழவன். மழையில் பெரிய காகித விளக்கைக் காப்பாற்ற ஓடுகிற நாலு பேர். கன்ரீனில் எல்லோரும் "ஓ" என்பார்கள். நானும் என்பேன். என் வயிற்றுக்குள் மிளகாய் அரைத்துப் பூசியது போல இருக்கும்.

ஏனென்றால் நானும் படம் எடுக்கிறவன். அவன் கமரா வாங்கும் முன்பே என்னிடம் ஒன்று இருந்தது. எங்கள் சனத்தின் கலியாண வீடுகளில், பிறந்தநாள்களில், ஒரு மூலையில் நின்று எடுப்பேன். எடுத்ததைக் கேட்டவர்களுக்குக் கொடுப்பேன். கேட்டவர்கள் குறைவு. என் படங்களில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். ஒருவரும் கொட்டாவி விட மாட்டார்கள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே வந்த ஆரம்பத்தில் ஒரு மாசி மாதம் கார்னிவல் ஊர்வலம் பார்க்கப் போனேன். தேனீ வேடம் போட்ட ஒரு சின்னப் பிள்ளை, சிறகு ஒன்று கழன்று தொங்க, இனிப்புப் பொறுக்கிக்கொண்டு நின்றது. எடுத்தேன். உடனே தாய் வந்து என் முன்னால் நின்றாள். "யாரைக் கேட்டு எடுத்தாய்? ஃபில்மைக் கழற்று" என்றாள். ஐம்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த இடத்திலேயே கமராவைத் திறந்து வெளிச்சத்தில் காட்டினேன். அதற்குப் பிறகு கேட்காமல் ஒருவரையும் எடுத்ததில்லை. கேட்டால் ஆட்கள் தலைமுடியைத் தடவுவார்கள், வயிற்றை உள்ளே இழுப்பார்கள், நிமிர்ந்து நிற்பார்கள். படம் அங்கேயே செத்துவிடும்.

போன வருடம் சித்திரையில் மெக்கானிக் என் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"இந்தமுறை உங்கட பக்கம் போகப் போறன். தேர்த் திருவிழா. நீயும் வாறியே? பாசை தெரிஞ்ச ஆள் ஒண்டு பக்கத்தில இருந்தா நல்லம்."

வீட்டில் சொன்னேன். மனைவி சிரித்தாள்.

"போட்டு வாங்கோ. இஞ்ச நிண்டு அவன்ர படத்தைப் பாத்துப் பெருமூச்சு விடுறதுக்கு, அங்க பக்கத்தில நிண்டே விடலாம்."

ஆவணியில் போனோம். யாழ்ப்பாணத்தில் ஒரு லொட்ஜில் தங்கி, வடகரையில் கடலோரமாக உள்ள ஒரு கோயிலின் தேருக்குப் போனோம். அது என் ஊரல்ல. எனக்கும் அங்கே ஒருவரையும் தெரியாது. அப்படியென்றால் இருவரும் சமமாகத் தொடங்குகிறோம் என்று நினைத்தேன்.

சமமாக இருக்கவில்லை. கோயில் வழக்கப்படி இருவரும் மேற்சட்டையைக் கழற்றி வேட்டி கட்டியிருந்தோம். மெக்கானிக் வேட்டிக்கு மேல் தன் வேலைத்தல இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டியிருந்தான். நெஞ்சும் முதுகும் அரை மணித்தியாலத்தில் அவித்த றால் நிறத்துக்கு வந்துவிட்டன. சனம் அவனைக் கண்டதும் சிரித்தது. சிரித்த முகங்களையே அவன் எடுத்துக்கொண்டு போனான். கேட்கவில்லை. கேட்க அவனுக்குப் பாசையும் தெரியாது. கமராவைத் தூக்கினான், தலையை ஆட்டினான், எடுத்தான். பூ கட்டுகிற பெண்கள் பூவோடு எடுபட்டார்கள். தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீர் வார்த்தவர் வாளியோடு எடுபட்டார். கோயில் தொண்டர் ஒருவர் ஓடி வந்தார்.

"வெள்ளைக்காரருக்கு வழி விடுங்கோ! வாங்கோ சேர், இதில ஏறி நிண்டு எடுங்கோ, தேர் வடிவாத் தெரியும்!"

மதிலோடு ஒட்டிய மேடை ஒன்றில் அவனை ஏற்றி, குடிக்க இளநீரும் கொடுத்தார்கள். நானும் பின்னால் ஏறப் போனேன். அதே தொண்டர் என் நெஞ்சுக்கு நேரே கையை நீட்டினார்.

"அண்ணை, நீங்கள் எங்க?"

"நானும் அவரோட வந்தனான்."

"கமரா என்னத்துக்கு? யூடியூப்போ? கோயில் சபையிட்ட அனுமதி எடுத்தனீங்களோ?"

"இல்லை..."

"அப்ப கீழ நில்லுங்கோ. வெளிநாட்டில இருந்து வாறவை எல்லாத்தையும் எடுத்துப் போடுறியள், பிறகு எங்களுக்குத்தான் கரைச்சல்."

வெளிநாட்டில் இருந்து வந்தது நான். மேடையில் இளநீர் குடித்துக்கொண்டு நின்றவன் எங்கிருந்து வந்தவன் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் வாய் வருவதில்லை. இறங்கிப் போய் வீதிக்கரையில் இருந்த கச்சான் கடலைக் கடைகளின் பக்கம் நின்றேன்.

அங்கேதான் அந்த அக்கா இருந்தார். வயது அறுபதுக்குக் கிட்ட. அடுப்பில் பெரிய தாச்சி, தாச்சி நிறையச் சுடுமணல், அதற்குள் கச்சான். அகப்பையால் கிளறி, மணலோடு அள்ளி அரிதட்டில் போட்டு, இரண்டு கையாலும் குலுக்குவார். மணல் தாச்சிக்குள் திரும்ப விழும், கச்சான் மேலே நிற்கும். அந்தக் கைகளின் வேகத்தை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சின்னத் தகர டின்னில் அளந்து தந்த ஒரு சுண்டு கச்சான் வாங்கினேன். பிறகு இன்னொரு சுண்டு. ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று வாங்கிவிட்டேன்.

"தம்பி, வயித்தால போகும்" என்றார் அக்கா. "எந்த நாடு?"

"ஜேர்மனி."

"அங்க கச்சான் இல்லையோ?"

"இருக்கு அக்கா. ஆனா மணல் இல்லை."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் கேட்டேன்.

"அக்கா, உங்களை ஒரு படம் எடுக்கட்டோ?"

அவ்வளவுதான். அரித்து முடியாத மணலோடு அரிதட்டைக் கீழே வைத்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பக்கத்துக் கடையில் நின்ற தங்கையைக் கூப்பிட்டார். "இஞ்சருங்கோ, வெளியில வாங்கோ, ஜேர்மன் தம்பி படமெடுக்கப் போறார்" என்று, கடைக்குப் பின்னால் படுத்திருந்த கணவரை எழுப்பினார். அவர் சட்டை தேடிப் போட்டுக்கொண்டு வந்தார். மூவரும் வரிசையாக நின்று, கைகளைப் பக்கத்தில் தொங்கவிட்டு, சிரிக்காமல் என்னைப் பார்த்தார்கள். எடுத்தேன். படத்தை அனுப்ப அக்காவின் போன் நம்பரையும் எழுதிக்கொண்டேன்.

அக்கா திரும்பவும் அடுப்படிக்குப் போய் அரிதட்டைக் கையில் எடுத்தார். அந்த நேரம் மேளம் மாறியது. தேர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது.

எங்கள் முன்னால் வடம் பிடித்த ஆட்கள் நூறு பேருக்கு மேல் போனார்கள். பிறகு தேர் வந்தது, ஆடி ஆடி, கடைகளின் கூரைகளை உரசிவிடும் போல. "அரோகரா" என்ற சத்தத்தில் நிலம் அதிர்ந்தது. என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. நான் தூக்கவில்லை, அவையே போயின. கண்ணை மூடினேன். கமரா என் நெஞ்சில் தொங்கிக்கொண்டு கிடந்தது. தேர் கடக்கும் வரை, ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ, எனக்குப் படம் என்று ஒன்று இருப்பதே ஞாபகமில்லை.

பிறகு கண் திறந்தேன். அக்கா தன் முகத்திலும் தலையிலும் இருந்த மணலைத் தட்டிக்கொண்டிருந்தார். ஏன் மணல் என்று எனக்கு விளங்கவில்லை.

பின்னேரம் லொட்ஜில் விளங்கியது. மெக்கானிக் கட்டிலில் இருந்தபடி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தவன், ஒன்றில் நின்றான். கமராவை என்னிடம் நீட்டினான்.

தேர் எங்களை நெருங்கும்போது அவன் மேடையிலிருந்து குதித்து ஓடி வந்திருக்கிறான். அந்த அக்கா கும்பிட்டிருக்கிறார். கையில் இருந்த அரிதட்டைக் கீழே வைக்க நேரமில்லை. அதையும் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்தபடியே தலைக்கு மேலே தூக்கிவிட்டார். அரிதட்டிலிருந்து ஆறிய மணல் கொட்டுகிறது. மெல்லிய மணல், வெயில் பட்டுப் பொன்னாகி, அவருடைய முகத்துக்கு இரண்டு பக்கமும் திரை போல இறங்குகிறது. கண் மூடியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. பின்னால் தேரின் சில்லு மட்டும், ஆளுயரத்துக்கு. இடது ஓரத்தில் ஒரு கறுத்த முழங்கை.

"இது உன்ர கை" என்றான் மெக்கானிக். "நீ பக்கத்திலதானே நிண்டனீ. நீ எடுக்கேல்லையே?"

அந்த அக்காவின் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் நின்றவன் நான். மூன்று சுண்டு கச்சான் வாங்கியவன் நான். அரிதட்டைப் பார்த்தவன் நான். அவன் வந்து நின்றது ஒரு நிமிடம். அவனுக்குக் கும்பிட ஒன்றும் இருக்கவில்லை, கை சும்மா இருந்தது, எடுத்தான். சாமி கும்பிட்டதற்காக ஒரு மனிதன் வருத்தப்படலாமா தெரியாது. நான் அன்று வருத்தப்பட்டேன்.

ஜேர்மனிக்குத் திரும்பிய வாரமே நான் எடுத்த படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். அவர் குரல் செய்தி ஒன்று அனுப்பினார். மனைவி சமைத்துக்கொண்டிருந்தாள், நான் சத்தமாகப் போட்டேன். "தம்பி, படம் கிடைச்சுது, சந்தோசம். அந்த வெள்ளைத் தம்பியும் எடுத்தவர், அதையும் ஒருக்கா அனுப்பி விடுங்கோ" என்றார். அதை நான் அனுப்பவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாசியில் மெக்கானிக்குக் கடிதம் வந்தது. நகர நூலகத்தின் மேல்மாடியில் அவனுடைய ஆசியப் படங்களை மாட்ட இடம் கொடுத்திருக்கிறார்கள். இருபது படம், ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம். கன்ரீனில் எல்லோருக்கும் கேக் வாங்கி வந்தான். கேக்கை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அன்று பின்னேரம் என்னிடம் வந்தான்.

"அந்தக் கச்சான் மனுசியின்ர படம்தான் எல்லாத்திலும் பெரிசா வரப்போகுது. ஆனா முகம் முழுக்கத் தெரியுது. கேக்காமல் மாட்ட எனக்கு மனமில்லை. உன்னட்ட நம்பர் இருக்கெல்லே, படத்தை அனுப்பி ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

அங்கே கேட்காமல் எடுத்தவன் இங்கே கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். படத்தை என் போனுக்கு அனுப்பினான். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அது என் போனுக்குள்ளேயே இருந்தது. விரிப்புகளை உருளைக்குள் கொடுக்கும்போதெல்லாம் மணல் கொட்டியது. வெள்ளிக்கிழமை வந்தான்.

"கேட்டனியே?"

"ஓம்."

"என்ன சொன்னவ?"

"வேண்டாமாம்."

அந்த ஒரு சொல் அவ்வளவு சுகமாக என் வாயிலிருந்து வந்தது. என் வாழ்க்கையில் எந்தச் சொல்லும் அப்படி வந்ததில்லை.

"ஏனாம்?"

"கும்பிடேக்க எடுத்தது சரியில்லையாம். சாமிக்கு முன்னால நிக்கேக்க."

இந்தப் பொய்தான் எனக்கு இன்றும் கூசுகிறது. வேண்டாம் என்றதோடு நிறுத்தியிருக்கலாம். சாமியையும் இழுத்தேன்.

மெக்கானிக் தலையை ஆட்டினான். "அவ சொல்றதும் நியாயம்தான். நான் அதை யோசிக்கேல்லை." தன் வேலைச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தான். "அப்ப உன்னுடையதும் இல்லையெண்டாச்சு" என்று அதை என்னிடம் தந்துவிட்டு, திருத்த வேண்டிய இயந்திரத்துக்குப் போனான்.

தாளைப் பிரித்தேன். மாட்டப் போகிற படங்களின் பட்டியல். பதினோராவது: கச்சான் விற்கும் பெண், தேர்த் திருவிழா. அதன் பக்கத்தில் அவன் பெயர். பன்னிரண்டாவது: கச்சான் விற்கும் பெண், கணவர், தங்கை. அதன் பக்கத்தில் என் பெயர். என் முழுப் பெயர், தகப்பன் பெயரோடு, ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லாமல். இருபத்திரண்டு வருடத்தில் அந்த வேலைத்தலத்தில் என் பெயரை ஒருவரும் சரியாக எழுதியதில்லை, சம்பளத் துண்டில்கூட. எங்கேயோ தேடிப் பார்த்து எழுதியிருக்கிறான். ஊரில் லொட்ஜில் வைத்து என் படத்தையும் அவன் பிரதி எடுத்து வைத்திருந்தான். ஒரே பெண்ணின் இரண்டு படத்தையும் சோடியாகப் பக்கத்தில் பக்கத்தில் மாட்ட நினைத்திருக்கிறான்.

அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அடுத்த விரிப்பு வந்தது. மூலைகளைப் பிடித்தேன்.

நூலகத்தில் திறந்து வைத்த அன்று மனைவியோடு போனேன். எங்கள் சனமும் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். படங்களைப் பார்த்துக்கொண்டு வந்தவன், பதினோராவது இடத்தில் கால் அசையாமல் நின்றுவிட்டேன். அந்த இடத்தை அவன் வேறு படத்தால் நிரப்பவில்லை. எல்லாச் சட்டங்களிலும் பெரிய சட்டம் அங்கே மாட்டியிருந்தது. உள்ளே வெறும் வெள்ளைத் தாள். நடுவில் சின்ன எழுத்தில் டொச்சில் நாலு வரி: "இங்கே ஒரு பெண்ணின் படம் இருந்திருக்க வேண்டும். அவர் கடவுளைக் கும்பிடும்போது நான் எடுத்தது. மாட்ட வேண்டாம் என்றார். அவர் சொன்னது சரி."

அதற்கு முன்னால்தான் அதிகம் பேர் நின்றார்கள். ஒரு டொச்க்காரப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். எங்கள் ஊர் அண்ணை ஒருவர், எப்போதும் எதற்கும் குறை சொல்லுகிறவர், என் தோளில் தட்டினார்.

"பாத்தியே, வெள்ளையெண்டாலும் எங்கட சனத்தின்ர சொல்லுக்கு மரியாதை குடுத்திருக்கிறான். எங்கட ஆக்களெண்டால் கேட்டிருப்பாங்களே?"

"இல்லை அண்ணை" என்றேன். "கேட்டிருக்க மாட்டாங்கள்."

வெறும் தாள் மாட்டினாலும் பாராட்டு அவனுக்குத்தான் கிடைக்கிறது என்று அந்த நேரத்திலும் எனக்குப் பட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

திரும்பி வரும்போது ட்ராமில் மனைவி ஜன்னலைப் பார்த்தபடி கேட்டாள்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசி வெள்ளைத் தம்பி எடுத்ததையும் அனுப்பச் சொல்லிக் கேட்டவ எல்லே?"

நான் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தேன்.

"அப்பிடிக் கேட்ட மனுசி, பிறகேன் வேண்டாமெண்டவ?"

நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

"நீங்கள் கேக்கேல்லை" என்றாள். அது கேள்வியாக இருக்கவில்லை. இரண்டு தரிப்பு கடந்த பிறகு, "முப்பது வருசம் உங்களைப் பேசாத மனுசன் எண்டுதான் நினைச்சன். பொய் சொல்லுவியள் எண்டு தெரியாது" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை காலை, அங்கே மத்தியானம் கடந்திருக்கும், படத்தை அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் அவரே போன் எடுத்தார், முகம் தெரிகிற மாதிரி. திரை நிறையச் சிரிப்பு.

"ஐயோ தம்பி, இதார், நானோ? இஞ்ச வாங்கோ எல்லாரும், இதைப் பாருங்கோ! மண் கொட்டுது, எனக்குத் தெரியேல்லை பாருங்கோ. அண்டைக்கு முழுக்கத் தலைக்குள்ள மண்தான், ரெண்டு தரம் முழுகினனான்!"

பின்னால் அவருடைய தங்கையின் குரல் கேட்டது. "அக்கா, நீ அம்மன் மாதிரி நிக்கிறாய்." அதற்குப் பின்னால் கணவர்: "அம்மனுக்கு அரிதட்டோ ஆயுதம்?" எல்லோரும் சிரித்தார்கள்.

"அக்கா, இதை இஞ்ச ஒரு மண்டபத்தில மாட்டலாமோ? சனம் பாக்கிற மாதிரி?"

"மாட்டுங்கோவன். இதுக்கென்ன கேள்வி? பெரிசா மாட்டச் சொல்லுங்கோ."

நான் விட்டிருக்கலாம். விடவில்லை. "நான் எடுத்த படம் எப்பிடி அக்கா?" என்று கேட்டேன்.

"அதுவோ?" அவர் கொஞ்சம் யோசித்தார். நல்ல மனுசி, என்னை நோகடிக்காமல் ஒரு சொல் தேடினார். "அது நல்ல தெளிவு தம்பி. எங்கட மனுசன் அதில தன்ர தலையை மட்டும் வெட்டி எடுத்து, அடையாள அட்டைக்குப் பாவிக்கலாமோ எண்டு கேட்டவர்."

திங்கட்கிழமை என் இயந்திரம் பழுது. மெக்கானிக் உருளைக்குக் கீழே மல்லாந்து படுத்துத் திருத்திக்கொண்டிருந்தான். சப்பாத்து இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. முகம் தெரிந்தால் எனக்குச் சொல்ல ஏலாது. சப்பாத்துகளுக்குச் சொன்னேன்.

"அவ வேண்டாமெண்டு சொல்லேல்லை. நான் கேக்கவே இல்லை. சனிக்கிழமைதான் கேட்டனான். ஓமெண்டவ."

உருளைக்குக் கீழே திருகுசாவியின் சத்தம் நின்றது.

"ஏன்?" என்றது உள்ளிருந்து குரல்.

"அந்தப் படம் நான் எடுத்திருக்க வேண்டியது."

நெடுநேரம் சப்பாத்துகள் அசையவில்லை. பிறகு ஒரு கை வெளியே நீண்டது. "பதின்மூண்டாம் நம்பர்ச் சாவியை எடு." எடுத்துக் கொடுத்தேன். எட்டு நாள் அவன் கன்ரீனில் வேறு மேசையில் இருந்தான். நான் கொண்டுபோன சோற்றை அவன் முதுகைப் பார்த்தபடி சாப்பிட்டேன். ஒன்பதாம் நாள் வந்து, ஒரு வெள்ளை மட்டையையும் பேனையையும் என் முன்னால் வைத்தான்.

"கடைசிக் கிழமை படத்தை மாட்டப் போறன். அந்த நாலு வரிக்குப் பதில் என்ன நடந்ததோ அதை நீ எழுது. உன்ர கையால. உன்ர பாசையில. கீழ டொச்சில நான் எழுதுவன்."

"என்ர கையெழுத்துக் கூடாது."

"எனக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு எல்லாம் ஒண்டுதான்."

எழுதினேன். மூன்று மட்டை பழுதாகி நாலாவதில் முடிந்தது. "இந்த அக்காவிடம் முதலில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டேன் என்று நான் பொய் சொன்னேன். பிறகு கேட்டேன். பெரிதாக மாட்டச் சொன்னார்." இவ்வளவுதான். கீழே என் பெயரையும் எழுதினேன். அந்த நூலகத்தில் என் பெயர் தொங்கியது அப்படித்தான். அந்தக் கிழமை எங்கள் சனத்தில் யார் யார் போய் வாசித்தார்களோ தெரியாது. தோளில் தட்டிய அண்ணை அதற்குப் பிறகு என் தோளில் தட்டவில்லை.

பன்னிரண்டாவது படத்தைப் பற்றி அவன் ஒருதரம் கேட்டான். "உன்னுடையதையும் மாட்டவே?" வேண்டாம் என்றேன். அந்த வேண்டாம் உண்மை.

இந்த வருடம் ஆனியில் பக்கத்து நகரத்து அம்மன் கோயில் தேருக்குக் கமராவோடு போனேன். இந்தமுறை கையைத் தூக்குவதில்லை என்று முதலே முடிவு செய்துவிட்டேன். தேர் அசைந்தபோது கமராவைக் கண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாற்பது படம் எடுத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் எல்லாவற்றிலும் மற்றவர்களின் முதுகும் தூக்கிய கைகளும். கும்பிடவும் இல்லை, படமும் இல்லை.

மெக்கானிக் இந்த முறை லாவோசுக்குத் தனியாகப் போய் வந்தான். இடைவேளையில் படம் காட்டினான். ஆற்றில் விளக்கு விடுகிற கிழவி ஒருத்தி, விரல் சுட்டுவிட்டது போல, வாயில் விரலை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். மிளகாய் அரைத்துப் பூசியது போல இருந்தது. "நல்லாயிருக்கு" என்றேன். முன்பெல்லாம் மற்றவர்களோடு சேர்ந்து "ஓ" என்பேன். இப்போது தனியாக, கேட்கிற மாதிரிச் சொல்கிறேன். பொறாமை போகவில்லை. பொய் சொல்லாமல் பொறாமைப்படப் பழகுகிறேன்.

கச்சான்கார அக்காவின் படம் இப்போது எங்கள் கன்ரீன் சுவரில் இருக்கிறது. நூலகத்திலிருந்து கழற்றியதும் அவன் அங்கே கொண்டுவந்து மாட்டினான். என் மட்டையை மாட்டவில்லை, அதை என்னிடமே தந்துவிட்டான். என் கதிரை அந்தச் சுவருக்கு நேரே இருக்கிறது. மாற்றி இருக்கலாம், மாற்றவில்லை. போன கிழமை புதிதாக வேலைக்கு வந்த ஒருத்தி படத்தின் இடது ஓரத்தைக் காட்டி, அந்தக் கை யாருடையது என்று கேட்டாள். மெக்கானிக் என்னைப் பார்த்தான், தான் சொல்லவில்லை.

"என்னுடையது" என்றேன்.

எழுதி முடித்தது: 2024 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை.